நீவா ஆற்றுக் கங்கை

சித்தூர் ஜில்லா கோர்ட்டில்
சொம்பு தூக்குவது என் உத்தியோகம்.
மாசம் நாலு ரூபாய், தோளில் சிவப்புப் பட்டை,
பித்தளை வில்லையில் கும்பினி முத்திரை.

காசியிலிருந்து வந்த ஜலம் என்பார் கோர்ட்டு அவதானி.
வந்ததுதான். மூன்றாம் கோடையில் வற்றிவிட்டது.
அன்று முதல் நீவா ஆற்றில் ஊற்றுத் தோண்டி
விடியுமுன் மொண்டு வந்து நிரப்பினேன்.
ஆறும் காய்ந்த வருஷம்
கஜானாவுக்குப் பின்னால் இருக்கும் கிணறு.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தத் தண்ணீரைத் தொட முடியாமல்
வேர்த்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.
பங்காளி நிலத்தை அமுக்கிய பாப்பி ரெட்டி
சொம்பு கிட்டே வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டு
"ராஜி, ராஜி" என்று கத்தினார்.
ரெண்டு காணி நன்செய்
என் கிணற்றுத் தண்ணீருக்குப் பயந்து திரும்பிப் போனது.

அதே வருஷம் வேம்புலி வந்தாள்,
களத்து மேட்டில் தன் அண்ணனை அடித்தது யாரென்று
கண்ணால் கண்டவள்.
வாசலுக்கு வெளியே, புங்க மரத்தடியில் நிறுத்தினார்கள்.
சொம்பை நீட்டினால் சொம்பு தீட்டு.
நீட்டாவிட்டால் சத்தியம் இல்லை.
சத்தியம் இல்லையென்றால் சாட்சியும் இல்லை.
வேறு வழி இருந்ததோ என்னவோ,
அன்று யாருக்கும் நினைவு வரவில்லை.
குமாஸ்தா எழுதினார்: 'கண்ட சாட்சி எவருமில்லை.'
மழை வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு கல்கத்தாவிலிருந்து ஆக்ட் வந்தது.
சொம்பு வேண்டாம், குரான் வேண்டாம்;
ஆண்டவன் முன்னிலையில் மெய்யே சொல்வேன் என்று
ஒரு வரி போதும்.
முன்ஷி அதைத் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதி
சுவரில் ஒட்டினார். பசையை எறும்பு தின்றது.
அவதானி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.
எனக்கு விடியுமுன் எழுந்திருக்கும் தொல்லை விட்டது;
சந்தோஷம்தான்.
மறுமாசமே கோர்ட்டு வாசலில்
சாட்சிகள் விலைக்கு வந்தார்கள்.
வரிக்கு ரெண்டணா, சோறு தனி.

தை மாசம் வேம்புலி மறுபடி வந்தாள்.
எல்லைக்கல் ராத்திரியில் நடந்ததைப் பார்த்தவள்.
நடத்தியவர் பாப்பி ரெட்டி.
உள்ளே துரை, மரத்தடியில் அவள்,
நடுவே அந்த வரியைச் சுமந்துகொண்டு
முப்பத்தேழு அடி நடந்தேன்.
சொம்பைவிட லேசாக இருந்தது.

சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.
பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"பொய் சொன்னா?"
"ஜெயிலு. காலில் விலங்கு, ரோட்டு வேலை."
"முன்னே?"
"கண் போகும். வம்சம் அத்துப் போகும்."
"முன்னே பொய்யின்னு சாமிக்குத் தெரியும்.
இப்போ யாருக்குத் தெரியும்?"

அதை நான் உள்ளே எடுத்துப் போகவில்லை.
ஆக்டில் அதற்கு இடமில்லை.

ரெட்டி அதே வரியைச் சொன்னார்,
கடையில் வெற்றிலை கேட்கிற மாதிரி.
ஒரே தாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று; ஒரே மை.
துரை ரொம்ப நேரம் பார்த்தார்.
நல்லவர்தான். மூக்கு நுனியில் வேர்வை.
பார்த்துவிட்டு, தீர்வை கட்டுகிறவர் சொல்லை எடுத்துக்கொண்டார்.
ஆனால் இந்த முறை குமாஸ்தா எழுத வேண்டியிருந்தது:
'கல் நகர்ந்ததாக வேம்புலி சொன்னாள். நம்பத்தக்கதல்ல.'
அவள் பேரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது.

சாயங்காலம் குடிக்கத் தண்ணி கேட்டாள்.
அலமாரியில் சொம்பு கவிழ்ந்து கிடந்தது,
சர்க்கார் ஜாபிதாவில் 'உபயோகமற்றது.'
கிணற்றில் மொண்டு வந்தேன்.
அவள் குனிந்து இரு கையும் குவித்தாள்.

ஆக்ட் வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது.
ஒரு முழம் உயரத்திலிருந்து
ஊற்றினேன்.
பாதி மண்ணில் போயிற்று.